அக்கி மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடக் கற்றுத்தர நான் தேவையில்லை. இப்போது என் கையைவிட உங்கள் கைதான் உறுதி. எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும் கைபேசி சொல்லிவிடுகிறது. அது சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் என் சுயநலமும் கொஞ்சம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு வார்டைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைப்பதில்லை. காலையில் கண் விழித்ததும் டூட்டிக்கு நேரமாகிவிட்டதே என்று இன்னமும் பதறுகிறேன். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அந்தப் பினாயில் வாசனைக்குக்கூட ஒருநாள் ஏங்குவாய் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வேலையைப் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன்.

அசைக்ளோவிர் உங்களுக்குத் தெரியும். நம் ஊர்க்காரர்களுக்கு அது அக்கி மாத்திரை. சின்ன வயதில் அம்மை போட்டுவிட்டுப் போன கிருமி நரம்புக்குள் பதுங்கியிருந்து, வயதான காலத்தில் இடுப்பிலோ மார்பிலோ கொப்புளமாகக் கிளம்பினால் அது அக்கி. அது வந்தால் நம்மவர்கள் முதலில் அக்கி எழுதத்தான் போவார்கள். பானை செய்கிறவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் உருவம் எழுதி அனுப்புவார். வார்டில் சிலர் அதைப் பார்த்துத் திட்டுவார்கள். நான் திட்டியதில்லை. திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். காவியோடு வந்தால் துடைத்துவிட்டு மருந்தைக் கொடுத்துவிடலாம், வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது?

மாத்திரை நல்ல மாத்திரை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் ஆரம்பித்தால் கொப்புளம் காய்ந்துவிடும். கண் பக்கம் வந்த அக்கியில் கண்ணையே காப்பாற்றும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் தலைவலி, அதோடு சரி. ஆனால் அது உடம்பை விட்டு வெளியே போவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகத்தான். அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்திலேயே பொடிப்பொடியாகப் படிந்து வழியை அடைத்துவிடும். வழி அடைபட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கி மூளையைக் கலக்கும். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. நடராஜன் தறியில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அது கத்திரி வெயில் காலம். மதிய உணவுக்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. அறுபதைத் தாண்டிய ஒரு நெசவாளரை அவர் மனைவியும் மனைவியின் அண்ணனும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அவர்தான் நடராஜன். மனைவியின் பெயர் மல்லிகா. இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் காய ஆரம்பித்திருந்தது, ஓரங்களில் காவி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காவி எழுதிய கையோடு ஒரு கிளினிக்கிலும் காட்டியிருக்கிறார்கள். அங்கே அக்கி மாத்திரையைச் சரியான அளவில் எழுதிக் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் யார்தான் அதைச் சொல்லமாட்டார்கள்? சாப்பிட்டீர்களா என்று கேட்பதைப்போல அதையும் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கட்டிலில் படுக்க வைத்ததும் அவர் போர்வையை விரல்களால் தேட ஆரம்பித்தார். இல்லாத இழை ஒன்றைப் பிடித்து, இன்னொன்றோடு சேர்த்து, முறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு அடுத்தது. கை அடிக்கடி தூக்கிப் போட்டது. நான் பேர் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, கொஞ்சமும் பதற்றமில்லாமல் சொன்னார்:

"நான் செத்துட்டேன் சிஸ்டர். இவளாண்ட சொல்லுங்க, நம்ப மாட்டேன்றா."

சாகப்போகிறோம் என்று பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செத்துவிட்டேன் என்று இவ்வளவு பணிவாகச் சொன்னவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் மல்லிகாவின் பக்கம் திரும்பினார்.

"நான் போயிட்டேன்னு சொல்லிக்கினு இருக்கேன். நீ இன்னும் பூ வச்சிக்கினு உக்காந்திருக்கே."

மல்லிகாவின் கை தலையில் இருந்த பூவுக்குப் போனது. அதைத் தொட்டுவிட்டு அப்படியே மடியில் வந்து விழுந்தது. பூவை எடுக்கவில்லை. அந்தக் கை என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

அண்ணன்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உயிர் பிரியப் போகிறது, அதனால்தான் வாயில் இப்படி வருகிறது, ஆஸ்பத்திரியில் போவதைவிட வீட்டில் போகட்டும் என்றார். ஆட்டோவைக் காத்திருக்கவும் சொல்லிவிட்டார். கெட்ட மனிதரில்லை. தங்கை புருஷனுக்குக் கௌரவமான ஒரு முடிவைத் தேடினார், அவ்வளவுதான்.

அப்போது வார்டில் இருந்தவர் தெற்கிலிருந்து வந்து சேர்ந்திருந்த இளம் டாக்டரம்மா. அவர் நடராஜனின் கழுத்தை வளைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சிறுநீரகப் பரிசோதனைக்கு உடனே அனுப்பினார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கிருமி நரம்பிலிருந்து மூளைக்கு ஏறியிருக்கலாம். அப்படியானால் இதே மருந்தை நரம்பு வழியாக உடனே ஏற்ற வேண்டும், தாமதித்தால் ஆள் போய்விடுவார். அல்லது மருந்தே தேங்கி மூளையைக் கலக்கியிருக்கலாம். அப்படியானால் உடனே நிறுத்த வேண்டும், இன்னும் கொடுத்தால் தெளியவே தெளியாது. ஒரே மருந்து. ஒன்றில் உயிர் கொடுக்கும், இன்னொன்றில் கெடுக்கும். வெளியே ஆட்டோ வேறு காத்துக்கொண்டிருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு ஒரு ஹெட் சிஸ்டர் இருந்தார். வார்டுக்குள் நுழைந்தால் யாரிடமும் எப்படி இருக்கிறார் என்று கேட்கமாட்டார். மூத்திரம் போனாரா என்றுதான் கேட்பார். கலெக்டரே படுத்திருந்தாலும் அதே கேள்விதான். நாங்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அவர் போன பிறகு எங்களை அறியாமல் நாங்களும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கும் என் வாயில் அதுதான் முதலில் வந்தது.

மல்லிகா யோசித்தார். நேற்றிலிருந்து சரியாகப் போகவில்லை, பேச்சு மாறியது இன்று காலையில்தான் என்றார். வெயிலுக்கு வேர்வையிலேயே போய்விடுகிறது என்று நினைத்தாராம். தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்று கேட்டேன்.

"மாத்திரைக்கு ஒரு வாய் குடிப்பாரு. தறியில எறங்கிட்டா எப்பவும் அவ்ளோதான் சிஸ்டர்."

நானும் நெசவாளர் தெருவுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவள்தான். அந்த ஒரு வரியில் எனக்கு வீடே தெரிந்தது. குழித்தறியில் கால் இரண்டும் பள்ளத்துக்குள் மிதிகளின் மேல் இருக்கும். வெளியே வர வேண்டுமென்றால் இடுப்பை மடக்கி, கையை ஊன்றி, உடம்பைத் தூக்க வேண்டும். நல்ல உடம்புக்காரர்களே அதற்குச் சோம்பல்பட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். இவருக்கோ அந்த இடுப்பில்தான் அக்கி. ஏறி இறங்கும்போது நெருப்பாக எரிகிறது, உட்கார்ந்து ஊடு இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட ஆரம்பித்துவிட்டால் கவனம் இழையில் போய் வலி மறந்துவிடுகிறது. அதனால் எப்போதும் உட்காருவதைவிட அதிக நேரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கக் கூடாது என்பதற்காக எப்போதும் குடிப்பதைவிடக் குறைவாகக் குடித்தார். தறியில் போட்டிருந்தது கோர்வைச் சேலை. கரையைச் சேர்த்து நெய்ய அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் மல்லிகா. ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரையை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் புருஷன் வாயில் போட்டிருக்கிறார். இடுப்பு வலிக்கென்று மெடிக்கலில் தாமே வாங்கிய வலி மாத்திரையும் கூடவே உள்ளே போயிருக்கிறது. அது சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. தண்ணீர்தான் எல்லா வேளையும் தவறியிருக்கிறது.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரத்த முடிவும் வந்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் வேலையை நிறுத்தியிருந்தது. உங்களில் சிலர் இப்போது, பிறகென்ன, விடை தெரிந்துவிட்டதே என்று நினைப்பீர்கள். தெரியவில்லை. சிறுநீரகம் கெட்ட ஒருவருக்கு மூளையிலும் கிருமி ஏறியிருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள், ஆனால் அந்த முடிவு வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. டாக்டரம்மா தன் ஆசிரியருக்குப் போன் செய்து பேசினார். வைத்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். யாரும் அவருக்காக முடிவெடுக்க முடியாத நேரம் அது. பக்கத்தில் நின்றேன், என்னால் முடிந்தது அதுதான். காய்ச்சல் இல்லை, கழுத்து விறைக்கவில்லை, சிறுநீர் குறைந்த பிறகுதான் பேச்சு மாறியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மருந்தை நிறுத்தி எழுதினார். அன்றே டயாலிசிஸ் செய்து தேங்கியதைக் கழுவி எடுப்பது, நாளைக்குள் தெளிவு தெரியாவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏற்றபடி அளந்து மறுபடியும் மருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று.

மல்லிகாவிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. இப்படி இருக்கலாம், அப்படியும் இருக்கலாம், நான் நினைப்பது தவறாகவும் போகலாம் என்று உட்கார்ந்து சொன்னார். அண்ணன் இடையில் ஏதோ சொல்ல வந்தார். மல்லிகா அவரைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்குத் திரும்பி என்னைத் தெரியுமாம்மா?"

பிழைப்பாரா என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? தெரியவில்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போனால் அதைத் தெரிந்துகொள்ளவே முடியாமல் போய்விடும் என்றார். மல்லிகா கொஞ்ச நேரம் புருஷனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் போர்வையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, ஆட்டோவ அனுப்பிடு" என்றார்.

டயாலிசிஸ் முடிந்து வந்தவர் தூங்கினார். மறுநாள் காலையில் கை தூக்கிப் போடுவது குறைந்திருந்தது, ஆனாலும் மல்லிகாவை யாரோ கடைக்காரம்மா என்று நினைத்துப் பேசினார். டாக்டரம்மா கை அடங்கியதையே தெளிவு என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு டயாலிசிசுக்கு எழுதினார். மருந்தை மறுபடியும் தொடங்கலாமா என்று கேட்டவர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார். அந்தப் பொறுமைக்கு என்ன விலை என்று நீங்கள் ஒருநாள் உணர்வீர்கள். ஏதாவது செய்வது சுலபம். செய்யாமல் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆளைக் கரைத்துவிடும். என் டூட்டி முடிந்தும் அன்று என்னால் கிளம்ப முடியவில்லை. வாசலில் எனக்காகக் காத்திருந்த என் வீட்டுக்காரருக்கு, நேரமாகும், ஒரு டீ குடித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்கும் மறுநாள் காலையில் மல்லிகா அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். நடராஜன் கண்ணைத் திறந்து மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தறி மேல துணி போத்தினியா?"

"போத்திட்டுத்தான் வந்தேன்" என்றார் மல்லிகா. குரல் மாறாமல் சொல்லிவிட்டு, துண்டை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்ச் சத்தமாக அழுதார். நானும் அழுதேன், ஒளிக்கவில்லை. பிறகு சென்னையிலிருந்து வந்த முடிவிலும் மூளையில் கிருமி இல்லை என்றே இருந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, பசிக்கிறது சிஸ்டர் என்று மட்டும் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் வேறு கதை ஓட ஆரம்பித்தது. அக்கி மாத்திரை தின்றால் பைத்தியம் பிடிக்கும், செத்தவன் மாதிரி பேச வைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அது முசரவாக்கம் கிராமம் வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்து விவசாயக் குடும்பத்து அம்மா ஒருவர் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கியோடு வந்தார். மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். அவர் மாத்திரையைக் கையால் தொடவே மறுத்துவிட்டார். டாக்டரம்மா சொன்னார், நான் சொன்னேன், எடுபடவில்லை. நல்லவேளையாக அன்று நடராஜனைத் திரும்பக் காட்ட மல்லிகா வந்திருந்தார். ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

"என் வீட்டுக்காரருக்குத்தான்மா அப்படி ஆச்சு. மாத்திர மேல தப்பு இல்ல, தண்ணி குடிக்காம தறியிலயே கெடந்தாரு. நீ முழுங்கு. நான் உனுக்கு சொம்புல தண்ணி மொண்டு தரேன், குடிச்சிட்டு எழுந்து நட."

அந்த அம்மா விழுங்கினார். கண் பிழைத்தது.

அதற்குப் பிறகு நான் அக்கி மாத்திரை வாங்கிப்போகிற யாரிடமும் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்லி நிறுத்தியதில்லை. என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே உட்காருவீர்கள், எழுந்து போக வசதி உண்டா, வேறென்ன மாத்திரை தின்கிறீர்கள் என்று கேட்பேன். பஸ் ஓட்டுகிறவரும் தண்ணீர் குடிக்கமாட்டார். கடையில் நாளெல்லாம் நிற்கிற பெண் போக இடமில்லாமல் குடிக்கமாட்டாள். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவருக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். வயதான ஒருவர் திடீரென்று வேறு ஆளாகிவிட்டார் என்று கூட்டிவந்தால், வயசாச்சு இல்லையா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் பையில் இருக்கிற மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வரக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவர். நான் ஓய்வு பெற்ற சமயத்தில் அவருக்கு மறதி ஆரம்பித்தது. சாவியில் தொடங்கி, தெருவுக்கு வந்து, பிறகு ஆட்களுக்கு வந்தது. அவர் மாத்திரை அட்டைகளை எல்லாம் நானும் கட்டிலில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். திருடன் இதில்தான் இருக்க வேண்டும், பிடித்து நிறுத்திவிட்டால் நடராஜன் வந்த மாதிரி இவரும் வந்துவிடுவார் என்று அப்படி ஒரு ஆசை. ரத்தம் பார்த்தோம், தலையைப் படம் எடுத்தோம், டாக்டர் சொல்லி ஒரு தூக்க மாத்திரையை நிறுத்தினோம். நிறுத்தியதிலிருந்து தினமும் காலையில் அவர் கண் திறக்கும்போது முகத்தருகே போய் உட்கார்ந்திருப்பேன். தறி மேல் துணி போர்த்தினாயா என்பதைப்போல ஒரு சாதாரணக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இவருடையது திரும்பி வருகிற வகை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போன வாரம்கூட அந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தேன்.

இப்போது பகலில் துண்டைச் சேலையாக விரித்து, முந்தி பாருங்கம்மா, சரிகை நிற்கும் என்று என்னிடம் விற்கப் பார்க்கிறார். நானும் விலை கேட்பேன், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டுப் பக்கம் போய் நிற்கிறார். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையோரம் ஸ்கூட்டரோடு நின்ற அதே மாதிரி, ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்.

நேற்றும் நின்றார். நான் சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"சிஸ்டர், எங்க வீட்டம்மாவுக்கு டூட்டி முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு. வந்துக்கினு இருக்காங்க. அதுக்குள்ள இந்தத் தண்ணிய குடிங்க" என்றேன்.

முழுவதையும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். வந்தால் நான் இங்கேயேதான் நிற்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.